லூர்துவின் முதல் ஓலை

அன்பு மகள் பிலோவுக்கு,

கடிதத்தின் தலையில் சிலுவை போட்டு, அதற்குக் கீழே சேசு மரி சூசை என்று எழுதிவிட்டு நலம் விசாரிப்பதுதான் நம் வீட்டு வழக்கம். இன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தும், அந்த மூன்று பேரையும் இதற்குச் சாட்சியாக இழுக்க மனம் வரவில்லை. நானே எழுதிவிட்டுப் போகிறேன். இன்று விபூதிப் புதன். காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு, மில்லுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறேன். உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. தூத்துக்குடித் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றும், மாப்பிள்ளை உன் ரசத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ரசத்தை நானும் குடித்தவன் என்பதால் சொல்கிறேன், மாப்பிள்ளை நல்ல மனுஷன். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "அத்தை இருக்காங்கங்கிற தைரியத்துலதான்ப்பா நான் கிளம்பி வந்தேன், அவங்க உங்களைப் பாத்துக்குவாங்க, எனக்குக் கவலையே இல்ல" என்று முடித்திருக்கிறாய். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அங்கேயே நின்றுவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு உன் ஓலையை நான்தான் வாசித்தேன். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று, முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. உபதேசியாராக இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ பேருக்கு வாசித்ததுதான். ஆனால் உன் முதல் ஓலையில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நீ கேலி செய்தாய். "அப்பா கோயில்லயே அழுதுட்டாரு பாருங்க அத்தே" என்றாய். உன் அத்தையும் சிரித்தாள். பெண்ணைப் பிரிகிற பாசம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை நானும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். நிஜத்தில் அங்கே நின்றபோது எனக்கு உன் ஞாபகமே இல்லை. என் தங்கை லூர்துவின் ஓலை ஞாபகம்தான் வந்தது.

உன் அம்மா காய்ச்சலில் போனபோது உனக்கு ஒன்றரை வயது. எனக்குச் சோறு பொங்கவும் தெரியாது, உன்னைக் குளிப்பாட்டவும் தெரியாது. மில்லில் டைம் ஆபீசில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிஷம் பிந்தி வந்தான் என்று எழுதுவது ஒன்றுதான் தெரியும். வத்திராயிருப்பிலிருந்து லூர்து ஒரு துணிப்பையோடு வந்தாள். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் இருந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. அவளுக்கு இருபத்து நாலு வயது. வந்தவள் பொறவு போகவில்லை. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பகலில் உன்னைப் பக்கத்து ராஜு வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாள். அதனால் உனக்குத் தமிழுக்கு முன்னால் நாலு வார்த்தை தெலுங்குதான் வந்தது. ஒரு வருஷத்தில் வீடு வீடாகிவிட்டது. நானும் ஒரு கவலையும் இல்லாமல் டைம் ஆபீஸ், கோயில், சாப்பாடு, தூக்கம் என்று ஆகிவிட்டேன். இதெல்லாம் தானாக நடக்கிறது என்று ஒரு நினைப்பு. உனக்கும் வீடு ஒன்று வந்திருக்கிறது. அதில் எதுவும் தானாக நடக்காது, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கும். அந்த ஆள் நீயாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல். வேறு ஒருவராக இருந்தால் போய்க் கேள்.

அடுத்த தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் பால்ராஜ், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். அதிகம் பேசாத பையன். லூர்துவைப் பார்க்க வந்த அன்று, நம் வீட்டு மேஜை விசிறி கரகரவென்று சத்தம் போடுவதைப் பார்த்துவிட்டு, பலகாரத்தைத் தொடாமல் அதைக் கழற்றிச் சரிபண்ணிவிட்டுத்தான் கை கழுவினான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. லூர்துவுக்கும் பிடித்திருந்தது. எனக்கு எப்படித் தெரியுமென்றால், அன்று பூராவும் அந்த விசிறியை அவள் நிறுத்தவில்லை. பையனின் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, படுத்த படுக்கை. மகன் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் ஒரே ஆசை. தபசு காலம் தொடங்க மூன்று ஞாயிறுதான் இருந்தது. தபசு தொடங்கிவிட்டால், நாற்பது நாள் நோன்பு முடிந்து ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் மூன்று ஞாயிறும் மூன்று ஓலை வாசித்து, விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை தாலி கட்டுவது என்று பேசி முடித்தோம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனசார ஆட்டினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தபசுக்கு முன்னால் கோயிலில் எவ்வளவு வேலை என்று உனக்குத் தெரியும். எல்லாருக்கும் அப்போதுதான் கல்யாணம் வைக்க வேண்டும். அந்த முதல் ஞாயிறு மட்டும் ஏழு ஓலை. ஒவ்வொன்றும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அறிவிப்பு நோட்டில் செருகி வைத்திருந்தேன். லூர்துவின் காகிதம் நோட்டின் அட்டைக்குள் வழுக்கிப் போய்விட்டது. ஆறு வாசித்துவிட்டு இறங்கிவிட்டேன். தன் ஓலை வாசிக்கிற பூசைக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு லூர்து வரவில்லை, விடியற்காலைப் பூசைக்கே போய்விட்டு வந்துவிட்டாள். வந்திருந்தவர்களில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மத்தியானம் நோட்டைத் திறந்தபோதுதான் காகிதம் மடியில் விழுந்தது. பிலோ, இதை நீ நம்ப வேண்டும். அது சுத்தமான மறதி. ஊரெல்லாம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிற கதை, உபதேசியார் சொந்தத் தங்கச்சி ஓலையையே வாசிக்க மறந்துட்டாரு என்பது, பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மிச்சப் பாதியை நான் அந்த மறதிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பங்குச்சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வயசானவர். ராஜபாளையத்தோடு மலையடிவாரக் கிளைக் கோயில்களையும் பழைய ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருந்தவர். கோபப்படவில்லை. "இதுக்கு ஏன் உபதேசியாரே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு? ரெண்டு ஞாயிறு இருக்கு, ரெண்டு ஓலை வாசிச்சிருவோம். வாசிக்காத ஒண்ணுக்கு மதுரை ஆயரு, நம்ம மேற்றிராணியார், விலக்குக் குடுத்துருவாரு. லெட்டர் தாரேன், நீரே மதுரைக்குப் போயி வாங்கிட்டு வந்திரும்" என்றார். நாலு வரிக் கடிதம், கோயில் முத்திரை. வியாழக்கிழமை மில்லில் லீவு சொல்லிவிட்டுக் காலை ரயிலில் கிளம்பினேன். கிளம்பும்போது நீ லூர்துவின் இடுப்பில் இருந்தாய், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு. திங்கட்கிழமைக்குப் பொறவு அந்த இடுப்பு இந்த வீட்டில் இருக்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை கல்யாணம் என்பது ஒரு தேதியாகத்தான் மனசில் இருந்தது. சிவகாசி தாண்டும்போது, சாயங்காலம் உனக்கு யார் சோறு ஊட்டுவது என்று யோசித்தேன். விருதுநகர் வரும்போது, எனக்கு யார் பொங்குவது என்று யோசித்தேன். எது முதலில் வந்தது என்று கேட்டால், உன் பெயர்தான் முதலில் வந்தது. ஆனால் உன் பெயரை முன்னால் நிறுத்திக்கொண்டு நான் பின்னால் நின்றேன் என்பதே சரி.

மதுரையில் இறங்கி, ஸ்டேஷன் பெஞ்சில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒரு தடவை வெளியே போய்ச் சாப்பிட்டேன், ஒரு கடையில் உனக்கு ஒரு சிவப்புக் கவுன் வாங்கினேன். ஆல்பத்தில் முதல் பக்கத்தில் நீ போட்டுக்கொண்டு நிற்கிறாயே, அந்தக் கவுன்தான். மேற்றிராணியார் இல்லம் எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்கக்கூட இல்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதால் ஒரு பாவமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து சாமியாரிடம், மேற்றிராணியார் ஊரில் இல்லை, முதன்மைக் குருவும் இல்லை, வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றார்கள் என்றேன். கோயிலில் அப்போது போன் கிடையாது. அவருக்கு என் மேல் சந்தேகமும் கிடையாது. "நம்ம கையில என்ன இருக்கு, பாஸ்காவுக்குப் பொறவு வச்சிக்கிடுவோம்" என்று பெருமூச்சு விட்டார். அடுத்த பத்து நாளும் நான் எந்த நேரமும் மதுரைக்குத் திரும்பப் போயிருக்கலாம். ஒவ்வொரு நாளும் காலையில் அந்த ரயிலின் சத்தம் மில்லுக்குக் கேட்கும்.

லூர்துவிடம் சொன்னபோது அவள் என்னைத் தேற்றினாள். "வேணும்னேவா மறந்த, விடுண்ணே. ஏழு பேரு ஓலையில என் ஓலை ஒளிஞ்சிக்கிட்டா நீ என்ன செய்வ" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கோபுரத்தைத் தாண்டி நாலாவது தெரு. பால்ராஜின் அம்மா கட்டிலில் கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டு நாளு தம்பி?" என்று கேட்டது. பாஸ்கா வரைக்கும் ஐம்பது அறுபது நாள் என்றேன். "அம்புட்டு நாளு நான் கிடப்பனா?" என்றது. "கிடப்பீங்கம்மா, நாங்க எல்லாரும் மன்றாடுதோம்" என்று சொன்னேன். சட்டைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது. வாழ்க்கையில் நான் எத்தனையோ ஜெபம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் நின்று சொன்ன அந்த ஒரு வார்த்தையால் எல்லாமே கெட்டுப்போன மாதிரி இருக்கிறது.

விபூதிப் புதனுக்கு முந்தின நாள் சாம்பல் தயார் பண்ணுவது நம் வீட்டு வேலை, நீயும் சின்னதிலிருந்து பார்த்ததுதான். வீடு வீடாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிற போன வருஷக் குருத்தோலையை எல்லாம் வாங்கி வந்து, இரும்புச் சட்டியில் போட்டு எரித்து, ஆறவைத்து, பேண்டேஜ் கம்பெனிக் கழிவுத் துணியைப் பாத்திரத்தின் வாயில் கட்டிச் சலிப்பது. துணி கொண்டுவருவதும் சலிப்பதும் லூர்துதான். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, நாளைக்கு உங்க விபூதிப் பண்டிகையா என்று கேட்கும். அந்த வருஷம், ஓலை நன்றாகப் பற்றிக்கொண்டபோது, சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து உள்ளே போட்டேன். கல்யாணமாகி ஒரு நாள் ஆகியிருக்க வேண்டிய கையால்தான் லூர்து அதைச் சலித்தாள். மறுநாள் பெண்கள் வரிசையில் போய் நின்றாள். நீ மண் என்பதை நினைத்துக்கொள் என்று சொல்லிச் சாமியார் அந்தச் சாம்பலை அவள் நெற்றியில் பூசினார். நான் பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தபசு முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதையில் மண்டிபோட்டேன். ஒருசந்தி உபவாசம் ஒன்றும் விடவில்லை. மாமிசம் தொடவில்லை. குருத்து ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் பால்ராஜின் அம்மா போய்ச் சேர்ந்தது. லூர்துவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வைத்தே பால்ராஜின் அக்கா, "எங்கம்மா உங்க வீட்டு ஓலைக்காகத்தான் உசிரப் பிடிச்சிக்கிட்டுக் கிடந்துச்சு. அதையும் நீங்க வாசிக்கல" என்றாள். பிறகு ஒரு வருஷம் துக்கம் என்றார்கள். அதற்குள் சொந்தக்காரர்கள் பேசிப் பேசி, ராசியில்லாத சம்பந்தம் என்று ஆக்கிவிட்டார்கள். பால்ராஜ் ஒரு நாள் மில் வாசலுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, மம்சாபுரத்தில் வேறு பெண் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். லூர்து "சரி" என்றாள். பிறகு உனக்குத் தலை சீவினாள். அதற்கு அப்புறம் வந்த இரண்டு சம்பந்தங்களையும், பிலோவப் பள்ளிக்கூடத்துல சேக்கணும், அவ பெரியவளாகட்டும் என்று அவளே தட்டிக் கழித்துவிட்டாள். ஊர் அவளைத் தியாகி என்றது. சாமியார் ஒருவர் பிரசங்கத்தில்கூடச் சொன்னார். நான் அப்போதும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் இல்லை. பாஸ்காவுக்கு வெளியூர்ச் சாமியார்கள் வந்து உட்காரும்போது, என்னைத் தெரியாத ஒருவராகப் பார்த்துப் போய் மண்டியிடுவேன். முதல் வருஷமே ஒருவர், ஜெபமாலை எடுத்து ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல், அதோடு போய் உன் தங்கையிடம் சொல் என்றார். ஜெபத்தைச் சொன்னேன். அடுத்த வருஷம் வேறு ஒருவரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். அப்படியே பல வருஷம். நாலைந்து வருஷம் முன்னால் வந்த ஒரு சாமியார் மட்டும், "இதை இதுக்கு முன்னால சொல்லியிருக்கீரா?" என்று கேட்டார். சொல்லியிருக்கிறேன் என்றேன். "அவகிட்டச் சொன்னீரா?" இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீரு?" என்று கேட்டுவிட்டுக் கதவை மூடிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. கடவுளிடம் சொல்வது சுலபம், பிலோ. அவர் உன்னோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மாப்பிள்ளையிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று தள்ளிப்போடாதே.

உன்னிடமும் ஒரு கணக்கு பாக்கி. உனக்கு ஐந்து வயதிருக்கும். கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் லூர்துவை "அம்மா" என்று கூப்பிட்டாய். நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். "அத்தைன்னு சொல்லு" என்றேன். செத்துப்போன உன் அம்மாவுக்காக அடித்தேன் என்று அன்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதைத் தாங்க முடியாமல்தான் அடித்தேன். புருஷனையும் இல்லாமல் ஆக்கிவிட்டு, ஒரு குழந்தை தானாகக் கொடுத்த வார்த்தையையும் பிடுங்கிக்கொண்டேன். நீ இதை மறந்திருப்பாய். அவள் மறந்திருக்க மாட்டாள்.

உன் கல்யாணத்தில் தாயார் இடத்தில் அவள்தான் நின்றாள், பட்டுப் புடவையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். உங்களை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் வெறிச்சென்று இருந்தது. உன் கடிதம் வந்தது. அவள்தான் முதலில் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு, "என்ன நம்பித்தான் விட்டுட்டுப் போயிருக்கா, பாத்தியா" என்று சிரித்தாள். நீ தெரியாமல்தான் எழுதினாய். ஆனால் அவளை இன்னொரு இருபது வருஷத்துக்கு என் அடுப்பில் கட்டிப்போட்டிருந்தாய், நான் அன்று செய்ததைப் போலவே, பாசமாக. அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து சாம்பல் சலித்துக்கொண்டிருந்தாள். "இந்த வருஷம் ஓலை கொறச்சல்ணே. பாதி வீட்டுல சாமி படத்துக்குப் பின்னால பிளாஸ்டிக் பூவுல்லா வச்சிருக்காவ" என்றாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"லூர்து, நான் அன்னிக்கு மேற்றிராணியார் இல்லத்துக்குப் போகலட்டி."

"என்னைக்கு?"

"உன் ஓலைக்கு விலக்கு வாங்கப் போனன்லா."

அவள் கை நின்றது. "போகலையா? பொறவு எங்க போன?"

"எங்கயும் போகல. ஸ்டேஷன்லயே உக்காந்திருந்தேன்."

"சாயங்காலம் வரைக்குமா?"

"ஆமா."

"சாப்பிட்டியா?"

எனக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

"என்ன சாப்பிட்ட?"

"பூரி."

சலிக்கிற பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் அன்னிக்கு ஒருசந்தி இருந்தேன். நீ போற காரியம் நல்லபடியா முடியணும்னு. நீ வாரது வரைக்கும் தண்ணி கூடக் குடிக்கல" என்றாள்.

கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சட்டியைக் காட்டினேன். ஓலையோடு போட்டேன், நீதான் சலித்தாய் என்றேன். பாத்திரத்தின் வாயில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில சாமி கேப்பாரு" என்று சொல்லி, மிச்சத்தையும் சலித்து முடித்து, கிண்ணத்தில் கொட்டி மூடினாள். பிறகு குழாயடியில் போய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். தெரியாத வயசில் செய்துவிட்டேன், குழந்தைக்காகச் செய்துவிட்டேன் என்றெல்லாம் நான் பின்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தேன். ஒன்றுக்கும் திரும்பவில்லை. இன்று காலை பூசைக்கு வந்தாள். சாம்பல் பூச வரிசையில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், முன்னால் நடந்துகொண்டே சொன்னாள்: "பாஸ்கா வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேக்காத. இங்க இருக்கனா, வேற எங்கயும் போறனான்னு பொறவுதான் சொல்லுவேன். அதுவரைக்கும் உனக்குச் சேத்து நான் பொங்கல."

மத்தியானம் நானே கஞ்சி வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை, சாப்பிட்டேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். என் பக்கம் பேசி அவளுக்கு எழுதாதே. அப்பாவுக்கு வயசாகிறது, பாவம் என்று ஒரு வார்த்தை எழுதாதே. எனக்கு வயசாகிறது என்பது உண்மைதான், படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் அது அவள் கணக்கில் ஏற வேண்டாம். தூத்துக்குடிக்கு அவளாக வந்தால் வைத்துக்கொள். அவள் வரவில்லையென்றால் வற்புறுத்தாதே. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, வேலைக்குப் போக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வரும்போது உன் மனசில் முதலில் வருகிற முகம் அவளுடையதாகத்தான் இருக்கும். அப்போது கூப்பிடாதே. அவளுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீ சின்னப் பெண்ணாக இருந்தாய், உனக்கு மன்னிப்பு உண்டு. பாஸ்காவுக்கு நீங்கள் வரும்போது அவள் இந்த வீட்டில் இல்லையென்றால், முதலில் அவள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். எனக்கு ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் போதும்.

இதை எழுதி முடித்து, ஒட்டுவதற்கு முன்னால் லூர்துவிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இனி ஒரு வரியும் போகக்கூடாது என்று தோன்றியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். குழாயடியில் அவள் கை கழுவினதை எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு வரி கறுப்பாக மையால் அடித்திருப்பதை நீ பார்த்திருப்பாய். என்னை அவள் மன்னித்துவிட்டாள் என்று அங்கே எழுதியிருந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்து, "இத நான் சொல்லல. நீயா எழுதியிருக்க. அடி" என்றாள். அடித்துவிட்டேன்.

அப்பா